உதகையைப் படிக்கட்டு வழியே நடந்து படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் காமெராவோடு மேலே வரும் நண்பர்களும், அந்த நண்பர்களின் நண்பர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால் பதில்களை ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் அல்லன். இந்த ஊரில் குடியிருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை நடையோடு நடையாகப் படம் எடுக்கிறவன்.

ஏரி, தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா ஆகியவை இருக்கும்போது தெருத்தெருவாக ஏன் அலைய வேண்டும்?

அவற்றையும் பாருங்கள், தவறில்லை. ஆனால் அந்த மூன்று இடங்களில் எடுத்த படங்களை யாருடைய கைப்பேசியில் பார்த்தாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. உதகை, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 88,430 பேர் வாழும் நகரம் என்பது சுற்றுலாப் படங்களில் தெரிவதே இல்லை. மார்க்கெட்டிலிருந்து காந்தல் என்னும் குடியிருப்புப் பகுதி வரை ஒரு முறை போய் வந்தால் தமிழ், படுகர்களின் மொழியான படுகு, மலையாளம், கன்னடம், உருது என்று ஐந்து மொழிகளாவது காதில் விழும்.

இன்னொரு காரணம், ஊரின் அமைப்பு. ஏரி, ரேஸ் கோர்ஸ், பஸ் நிலையம், ரயில் நிலையம் எல்லாம் பள்ளத்தில் இருக்கின்றன. அதற்கு மேல் லோயர் பஜாரும் அப்பர் பஜாரும், அவற்றுக்கு மேல் சரிவுகளில் ஒன்றன் தலைமேல் ஒன்றாக ஓட்டு வீடுகளும் தகர வீடுகளும், உச்சிகளில் பழைய பங்களாக்களும் இருக்கின்றன. கார் சாலை இந்த அடுக்குகளைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. படிக்கட்டோ நேராக ஏறுகிறது. குடத்தோடு போகிறவர்களையும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும், கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து ஏறுகிறவரையும் படிக்கட்டில்தான் பார்க்க முடியும். ஆகவே காரை ஒரு நாளைக்கு மறந்துவிட்டு வாருங்கள் என்பதே எல்லோருக்கும் நான் சொல்வது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எந்த வரிசையில் போகலாம்?

விடிந்ததும் நகராட்சி மார்க்கெட்டில் தொடங்குங்கள். அங்கிருந்து லோயர் பஜார், மாரியம்மன் கோயில், படி ஏறி அப்பர் பஜார். பத்து மணிக்கு மேல் ஸ்டீபன் தேவாலயம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் காந்தல் பஸ்ஸைப் பிடியுங்கள். மாலையில் எல்க்ஹில் முருகன் கோயிலுக்கு ஏறினால் ஊர் முழுவதும் கீழே விரிந்து கிடக்க, விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்குவதைப் பார்க்கலாம். இதற்கு மேல் ஒரு நாளில் அடைக்காதீர்கள். 2,240 மீட்டர் உயரத்தில் படி ஏறுவது, கீழிருந்து அன்று காலையில் வந்தவருக்கு மூச்சு வாங்கும் வேலை.

மார்க்கெட்டில் எதைப் பார்க்க வேண்டும்? படம் எடுத்தால் கோபித்துக்கொள்வார்களா?

காலை ஆறரை மணிக்குப் போனால் தரை ஈரமாக இருக்கும்; தலையில் மப்ளர் சுற்றிய சுமைதூக்குபவர்கள் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருப்பார்கள்; ஒவ்வொருவர் வாயிலிருந்தும் புகைபோல மூச்சு வரும். அந்த மூச்சு படத்தில் தெரிய வேண்டுமானால் அவருக்குப் பின்னால் இருள் இருக்க வேண்டும், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தோ எதிரிலிருந்தோ வர வேண்டும். மேலே குண்டு பல்பு தொங்கும் கேரட் கடைகள் இதற்கென்றே அமைந்தவை. முத்தோரை பாலாடா, கேத்தி பாலாடா பக்கத்துத் தோட்டங்களில் பிடுங்கிய கேரட்டை மெஷினில் போட்டுக் கழுவி அனுப்புவதால், மண்ணே ஒட்டாமல், ஈரத்தோடு, எரிகிற நிறத்தில் குவிந்திருக்கும். பக்கத்திலேயே பீட்ரூட்டும் முட்டைக்கோசும் இருக்கும். இவற்றை ஊரில் பெரியவர்கள் இன்றும் இங்கிலீஷ் காய் என்றுதான் சொல்கிறார்கள்.

பழைய கடைகளின் ஒரு பகுதியை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலை தொடங்கிவிட்டதால், மரச்சட்டமும் தகரக் கூரையுமான கடைகளைப் படம் எடுக்க நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

கோபம் பற்றி: வேலை நேரத்தில் வழியை மறித்தால் கோபம் வரும், அது நியாயமானதும்கூட. நான் தொடக்கத்தில் ஒரு மூட்டைக்காரரின் முன்னால் குனிந்து படம் எடுக்கப் போய், "அண்ணா, நூறு கிலோ முதுகுல இருக்கு, நீங்க கீழ உக்காந்திருக்கீங்க" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து முதலில் ஒரு டீ குடிப்பேன். கால் மணி நேரம் சும்மா நிற்பேன். பிறகுதான் காமெராவை வெளியே எடுப்பேன். கேட்டுவிட்டு எடுத்தால் முகம் விறைத்துப்போகும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், முதல் படம் விறைப்பாகத்தான் வரும். அவர் வேலைக்குத் திரும்பியபின் எடுக்கும் நான்காவது படம் அப்படி இருக்காது.

மாரியம்மன் கோயில் தேரை எப்போது பார்க்கலாம்?

ஏப்ரல் மாதத்தில், சித்திரையை ஒட்டி. இந்தக் கோயிலில் மகா மாரியம்மனும் மகா காளியம்மனும் ஒரே கருவறையில் இருக்கிறார்கள். சந்தைக்கடை மாரியம்மன் என்ற பெயரே இதைச் சந்தைக்கு வந்து போனவர்களின் கோயில் என்று காட்டிவிடும். திருவிழா நாட்களில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சமுதாயத்தாரின் உபயம் நடப்பதால், ஊரில் யார் யார் வாழ்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தேரோட்டத்தன்று பக்தர்கள் தேரின்மேல் உப்பை வீசி வேண்டுதல் நிறைவேற்றுவார்கள். வெயிலுக்கு எதிராக நின்று எடுத்தால் அந்த உப்பு பொறிபோலத் தெறிப்பது பதிவாகும். ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியாவது இருக்கட்டும். வீடு திரும்பியதும் காமெராவை ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். உப்பு உலோகத்தை அரிக்கும்.

காந்தலில் அப்படி என்ன இருக்கிறது?

சுற்றுலா வழிகாட்டிகள் காந்தலைப் பற்றிச் சொல்வதெல்லாம் குருசடி திருத்தலம் ஒன்றைத்தான். இயேசுவின் சிலுவையிலிருந்து வந்ததாக நம்பப்படும் திருப்பண்டம் அங்கே வைக்கப்பட்டிருப்பதால் தமிழகம், கேரளம் இரண்டிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். அதே காந்தலில் காசி விஸ்வநாதர் கோயில் இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, இவற்றுக்கு நடுவே ஒன்றரை ஆள் அகலத்தில் சந்துகள் ஓடுகின்றன. நீலம், பச்சை, ரோஸ் என்று வீட்டுக்கு வீடு ஒரு சுண்ணாம்பு நிறம் உண்டு. வெயில் இல்லாத நாளில் இந்த நிறங்கள் இன்னும் அடர்ந்து தெரியும் என்பதால், மேக மூட்டமான நாளை நான் காந்தலுக்கென்றே ஒதுக்கி வைப்பேன்.

சந்துக்குள் அகலமான லென்ஸைப் போட்டுக்கொண்டு வீட்டு வாசல்களை எடுக்காதீர்கள். வாசல் என்பது அங்கே சமையலறையின் நீட்சி. பாத்திரம் கழுவுவதும் பிள்ளைக்குத் தலை வாருவதும் அங்கேதான். ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்து, அவர் சரி என்று சொன்ன பிறகு எடுத்த ஒரு படம் போதும். பிள்ளைகள் தாங்களே ஓடி வந்து போஸ் கொடுப்பார்கள். ஆனாலும் பெற்றவர் சம்மதம் இல்லாமல் அந்தப் படத்தை இணையத்தில் போடுவதை நான் ஏற்பதில்லை.

வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடங்களில் எவை பார்க்கத் தக்கவை?

நிறைய இருக்கின்றன, இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதலாவது, கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய ஸ்டோன் ஹவுஸ். மலைமக்கள் அதைக் கல் பங்களா என்றார்கள். இன்று அது அரசுக் கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. கல்லூரி அனுமதியோடுதான் உள்ளே போக முடியும்.

இரண்டாவது, ஸ்டீபன் தேவாலயம். 1829 ஏப்ரலில் அடிக்கல் நாட்டி 1830 நவம்பரில் அர்ப்பணித்தார்கள். கூரையைத் தாங்கும் உத்தரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையை இடித்து எடுத்து மலையேற்றிக் கொண்டுவந்தவை. உள்ளே போனதும் எல்லோரும் வண்ணக் கண்ணாடி ஜன்னலைத்தான் எடுக்கிறார்கள். நீங்கள் அண்ணாந்து அந்த மரத்தைப் பாருங்கள். பின்புறக் கல்லறைத் தோட்டம் சரிவில் அடுக்கடுக்காக ஏறுகிறது. சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இந்த ஊருக்கு ஐரோப்பியக் காய்கறியையும் ஏரியையும் கொண்டுவந்த மனிதர் ஊரிடம் விட்டுச் சென்றது அந்த இரண்டு கல்லறைகளை என்று அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். பாசி படிந்த எழுத்தைப் படம் எடுக்க வேண்டுமானால் காலைச் சாய்வெயிலில் போங்கள். நேர் வெயிலில் எழுத்து மறைந்துவிடும்.

தோடர் மந்துகளுக்குப் போகலாமா?

மந்து என்றால் இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களின் குடியிருப்பு. ஊரின் பெயரையே ஒத்தைக்கல் மந்து என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். மார்லிமந்து, புதுமந்து, தலையாட்டுமந்து என்று பஸ் போகும் பெயர்களிலும் அந்தச் சொல் நிற்கிறது. தாவரவியல் பூங்காவுக்கு மேலேயே ஒரு மந்து உண்டு. போகலாம், ஆனால் அது ஒருவருடைய வீடு என்ற நினைவோடு போக வேண்டும். பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தது போன்ற பழைய வீடுகள் குறைந்துவிட்டன. பெரும்பாலோர் சிமென்ட் வீடுகளில்தான் வாழ்கிறார்கள். "பழைய வீட்டின் முன்னால் பாரம்பரிய உடையில் நில்லுங்கள்" என்று கேட்பதை நான் மரியாதையாகக் கருதுவதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே ஸ்டுடியோ நடத்திய ஏ.டி.டபிள்யூ. பென் போன்றவர்கள் அப்படி நிறுத்தி வைத்து வேண்டிய அளவு எடுத்துவிட்டார்கள்.

கோயில்களுக்குள் வெளியாட்கள் நுழையக் கூடாது. முத்தநாடு மந்தின் கூம்பு வடிவக் கோயிலானாலும் தூரத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். எது வரை போகலாம் என்பதை மந்தில் உள்ள பெரியவரிடமே கேளுங்கள். பூத்துக்குளி என்னும் வெள்ளைப் போர்வையில் சிவப்பு, கறுப்பு நூலால் பெண்கள் பின்னும் வேலைப்பாட்டுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாதிரி எதுவும் வரைந்து வைக்காமல் துணியின் இழைகளை விரல்நுனியால் எண்ணிக்கொண்டே பின்னுவார்கள். அந்தக் கைகளைப் பக்கத்திலிருந்து எடுக்க அனுமதி கிடைத்தால் அதுவே பெரிது. படம் எடுத்தவர் ஒரு பின்னல் வேலையையாவது விலை கொடுத்து வாங்கிப் போவது நல்ல பழக்கம்.

படுகர் ஊர்களுக்கும் இதே முறைதானா?

ஏறத்தாழ. இந்த மலையில் விவசாயம் செய்து வாழும் சமூகத்தாரான படுகர்களின் ஊரை ஹட்டி என்பார்கள். வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். முன்னால் பொதுவான முற்றம் இருக்கும். கோத்தகிரி அருகே பேரகணியில் நடக்கும் ஹெத்தையம்மன் திருவிழாவில் சரிவு முழுவதும் வெள்ளை உடையாக நிறைந்திருப்பதை எடுக்கப் பலர் வருகிறார்கள். வெள்ளை உடைக்குக் காமெரா ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

மே மாதத்தில் வேண்டாம் என்பது என் முதல் பதில். மலர்க் கண்காட்சிக்கு வரும் கூட்டத்தில் ஊரின் முக்கியச் சந்திப்பான சேரிங்கிராஸைக் கடப்பதே பெரும்பாடு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை; குடையோடு வரத் தயங்காதவர்களுக்கு பஜார் தெருக்களின் ஈரம் நல்ல படம் தரும். செப்டம்பர், அக்டோபரை இரண்டாம் சீசன் என்போம்.

எனக்குப் பிடித்தது டிசம்பர் கடைசியும் ஜனவரியும். மேகமில்லாத இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்குவதால், உறைபனி உச்சியில் விழாமல் தாழ்ந்த இடங்களில்தான் விழும். ரேஸ் கோர்ஸ் புல், காந்தல் பக்கத்து வெளிகள், தலைகுந்தா என்று ஊரின் அடித்தட்டெல்லாம் வெளுத்துக் கிடக்கும்போது எல்க்ஹில் சரிவு பச்சையாகவே இருக்கும். கிழக்கே தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரத்துக்கு நிற்பதால் பள்ளத்துக்கு வெயில் தாமதமாகத்தான் வரும். வெயில் தொட்ட கோட்டிலிருந்து உறைபனி பின்வாங்குவது கண்ணுக்கே தெரியும். எட்டு மணிக்கு மேல் தேடினால் ஈரப் புல்தான் மிஞ்சும். ஸ்கூட்டர் சீட்டின் மேல் படிந்த பனியில் யாரோ விரலால் பெயர் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள், அதையும் எடுங்கள்.

மிஸ்ட் வந்துவிட்டால் படம் எல்லாம் சாம்பலாக வருகிறது. என்ன செய்வது?

காமெராவின் ஒளிமானி, தான் பார்ப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணி அளக்கிறது. மூடுபனியோ வெளிச்சத்தைச் சிதறடித்து வெள்ளையாக நிற்பது. ஆகவே எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, முக்கால் ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்). கைப்பேசியில் திரையைத் தொட்டுப் பிடித்து, தோன்றும் சூரியக் குறியைச் சற்றே மேலே இழுத்தால் அதே பயன். மேலே சொன்ன வெள்ளை உடைக்கும் இதுதான் மருந்து. முன்புறத்தில் கறுப்பாக ஏதாவது ஒன்று, ஒரு குடையோ கற்பூர மரத்தின் அடிமரமோ மின்கம்பமோ, இருந்தால்தான் பனியின் ஆழம் தெரியும்.

இதைவிட முக்கியமானது, மிஸ்ட் வந்ததும் இடத்தை விட்டு ஓடாமல் இருப்பது. படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்துவிடுங்கள். கீழ் அடுக்கு மறையும், மேல் அடுக்கு மட்டும் மிதப்பதுபோல் நிற்கும். ஐந்து நிமிடத்தில் எல்லாம் தலைகீழாகும். காரில் சுற்றுகிறவர்கள் இதைத் துரத்திப் போய்த் தவறவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

டீக்கடைக்குள் போனதும் லென்ஸ் வியர்த்துவிடுகிறதே?

குளிர்ந்த கண்ணாடியில் பாய்லர் ஆவி படிகிறது, அவ்வளவுதான். உள்ளே நுழையும் முன் காமெராவைப் பைக்குள் வைத்து மூடுங்கள்; வெளியே எடுக்கும்முன் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். வியர்த்தபோது லென்ஸைக் கழற்ற வேண்டாம். வர்க்கியை டீயில் நனைத்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் சரியாகிவிடும். மழைக்காலத்தில் நீண்ட நாள் தங்குகிறவர்கள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். நான் அலமாரியில் மூன்று மாதம் மறந்து வைத்த ஒரு லென்ஸுக்குள் சிலந்திவலைபோலப் பூஞ்சை படர்ந்து, இன்று அது பேப்பர் வெயிட்டாக இருக்கிறது.

கைப்பேசி போதுமா?

பகலில் போதும். காமெராவே எடுத்து வருவதென்றால் 35 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும். பெரிய லென்ஸோடு படி ஏறுவதும் கடினம், எதிரில் இருப்பவர் இயல்பாக இருப்பதும் கடினம்.

மலை ரயிலை எங்கே எடுக்கலாம்?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும் உதகைக்கு 1908-லும் ஓடத் தொடங்கி, 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இந்த 46 கிலோமீட்டர்ப் பாதையில், பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறு முதல் குன்னூர் வரைதான் உண்டு. நீராவி இன்ஜின் வேண்டுமானால் குன்னூருக்கோ கீழேயோ போங்கள். குன்னூருக்கு மேலே வழக்கமாக டீசல் இன்ஜின்தான் இழுக்கும். என் விருப்பம் லவ்டேல் நிலையம். ரயில் வருவதற்கு முன்னும் போன பின்னும் அந்த நடைமேடையில் இருக்கும் அமைதிதான் அங்கே எடுக்க வேண்டியது. தண்டவாளத்தில் நின்று எடுப்பது குற்றமும் ஆபத்தும் ஆகும்.

எங்கெல்லாம் எடுக்கக் கூடாது? ட்ரோன் பறக்கவிடலாமா?

வெலிங்டன் ராணுவப் பகுதியிலும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைப் பக்கமும் காமெராவை உள்ளேயே வையுங்கள். ரயில் ஜன்னல் வழியே என்றாலும் அப்படித்தான். ட்ரோனைப் பொறுத்தவரை, ராணுவ இடங்களும் காப்புக்காடும் புலிகள் காப்பகமும் சூழ்ந்த மாவட்டம் இது. முறையான அனுமதி இல்லாமல் எடுத்து வராமல் இருப்பதே நல்லது.

இந்து நகர் என்று ஒரு பெயர் பலகை பார்த்தேன். அதற்கும் புகைப்படத்துக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. இந்தியாவில் ஃபிலிம் செய்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் 1960-ல் தொடங்கப்பட்டு, இங்கேதான் தொழிற்சாலை அமைத்தது. தூசில்லாத குளிர்ந்த காற்று ஃபிலிம் தயாரிப்புக்கு ஏற்றது என்பது இந்த மலையைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். இந்து என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களும், மருத்துவமனைகளுக்கு எக்ஸ்ரே ஃபிலிமும் இங்கிருந்து நாடெங்கும் போயின. நிறம் வந்தது, பிறகு டிஜிட்டல் வந்தது. நட்டத்தில் கிடந்த தொழிற்சாலை முடிவில் மூடப்பட்டது. உள்ளே போக முடியாது. சாலையிலிருந்து தெரியும் கட்டடங்களையும், குடியிருப்பையும் மட்டும் பார்க்கலாம். காமெராவோடு ஊருக்கு வருகிறவர் அந்தப் பக்கம் ஒரு முறை போய் நிற்பது நல்லது என்று நான் நினைப்பதற்குக் காரணம், என் முதல் சுருள் அங்கே செய்யப்பட்டது என்பதாகவும் இருக்கலாம்.

தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளும் இதில் சேருமா?

ஊருக்குள் இல்லை, ஆனால் சேரும். 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியே இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை தருவதற்காகவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களில் அவர்களின் லைன் வீடுகள் இருக்கின்றன. கொழுந்து பறிக்கும் பெண்களின் படம் ஆயிரம் இருக்கிறது. வேலை முடிந்து எடை போடும் இடத்தில், தராசைப் பார்த்தபடி நிற்கும் அவர்களின் முகங்களை எடுத்தவர்கள் குறைவு. தோட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.

இ-பாஸ் வேண்டுமா? உள்ளூரில் எப்படிச் சுற்றுவது?

இ-பாஸ் என்பது வாகனத்தோடு மலையேற இணையத்தில் வாங்கும் அனுமதிச் சீட்டு. வெளியூர் வாகனத்தில் வந்தால் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் சீசனுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற வரம்பும் வந்தது. அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஊருக்குள் டவுன் பஸ்ஸும் மினி பஸ்ஸும் எல்லாப் பக்கமும் போகின்றன. பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், வீட்டிலிருந்தே ஒரு ஸ்டீல் பாட்டிலை எடுத்து வந்து தண்ணீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

படம் எடுத்தவர்களுக்குப் படத்தைக் கொடுக்க வேண்டுமா?

வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பாமல் போகிறவர்களால்தான் அடுத்து வருகிறவருக்கு "வேண்டாம்" என்ற பதில் கிடைக்கிறது. முடிந்தால் பிரின்ட் போட்டுக் கொடுங்கள். சேரிங்கிராஸ் பக்கத்து ஸ்டுடியோக்களில் அன்றே கிடைத்துவிடும். என்னை ஏசிய மூட்டைக்காரருக்கு ஒரு வருடம் கழித்து ஒரு பிரின்ட் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் வைத்தால் கசங்கும் என்று கேரட் கடைக்காரரின் கணக்கு நோட்டுக்குள் வைத்துக் கொடுக்கச் சொன்னார். பிறகு, அடுத்த முறை எடுக்கும்போது மூட்டை இல்லாமல் எடுக்கும்படி சொன்னார்.